பாதி முடிந்த கேமுக்கு முழுக் காசு கொடுக்கலாமா?

பட்டர்வொர்த்திலிருந்து பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்:

"அண்ணா, வார இறுதியில் உணவகத்தில் பகுதி நேர வேலை செய்து 150 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். கணினி கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் இரண்டு கேம் பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டுமே இன்னும் முடியாதவை, 'ஏர்லி அக்சஸ்' என்று போட்டிருக்கிறது. ஒன்று நாலு பேர் சேர்ந்து ஆடுவது. கூட்டாளிகள் மூன்று பேர் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். இன்னொன்று கதை கேம், நான் ரொம்ப நாளாக ஆசைப்பட்டது. இப்போதே வாங்கலாமா, முடியட்டும் என்று இருக்கலாமா? என் கணினி கொஞ்சம் பழசு. டெலிகிராமில் ஒருவர் பாதி விலைக்கு கேமைத் திறக்கும் கீ (குறியீடு) தருகிறேன் என்கிறார், அதை நம்பலாமா?"

தம்பி, கூட்டாளிகளோடு ஆடுவதை வாங்குங்கள். ஆனால் உங்கள் கணினியில் ஓடுகிறதா என்று கீழே சொல்கிறபடி பார்த்துவிட்டுத்தான். கதை கேமை இப்போது தொடாதீர்கள். டெலிகிராம் கீ வேண்டவே வேண்டாம்.

ஏன் என்று சொல்கிறேன். கோலாலம்பூரில் கேம் சோதனை வேலை செய்கிறவன் நான். முடியாத கேம்களோடுதான் என் நாள் முழுவதும் போகிறது. முடிவதற்கு முன்பே விற்கும் இந்த வகை வியாபாரத்தை நான் வெறுக்கவில்லை. நல்ல கேம்கள் பல இப்படித்தான் வளர்ந்தன. ஆனால் உணவகத்தில் நின்று சம்பாதித்த காசு என்று நீங்கள் எழுதியிருப்பதால், ஒவ்வொரு வெள்ளிக்கும் கணக்குப் பார்த்தே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முன்கூட்டி வாங்கினால் மலிவு என்ற எண்ணம் மைன்கிராஃப்ட் காலத்திலிருந்து வருகிறது. ஆல்ஃபா என்ற ஆரம்ப நிலையில் அது சுமார் 10 யூரோ, அடுத்த நிலையான பீட்டாவில் 15, 2011 நவம்பரில் முழுப் பதிப்பு வந்தபோது 20. முதலில் நம்பி வாங்கியவர்களுக்குப் பாதி விலையில் கிடைத்தது. 2013 மார்ச்சில் ஸ்டீம் இந்த முறையைத் தன் கடையிலேயே கொண்டுவந்தது. அதற்கப்புறம் விலைக் கணக்கு ஒரே மாதிரி இல்லை. ஃபேக்டோரியோ என்ற கேம் தள்ளுபடியே கொடுத்ததில்லை, விலை ஏறத்தான் செய்தது. சாட்டிஸ்ஃபாக்டரி முழுப் பதிப்பு வருவதற்கு முன் விலையை ஏற்றியது. இவற்றை முதலிலேயே வாங்கியவர்களுக்கு லாபம்தான். பால்டர்ஸ் கேட் 3 வேறு கதை. 2020 அக்டோபரில் முதல் அங்கம் மட்டும் இருந்த நிலையிலேயே 60 டாலர். 2023 ஆகஸ்டில் முழுதாக வந்தபோதும் அதே 60 டாலர். மூன்று வருடம் பொறுத்தவர் ஒரு காசுகூட அதிகம் கொடுக்கவில்லை, கேமை முழுதாக ஆடினார்.

ஆகவே "இப்போது வாங்கினால் மலிவு" என்பதைக் காரணமாக வைத்துக்கொள்ளாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இன்றைக்கு இறக்கி, இன்றைக்கு ஆடக் கிடைப்பதற்கு இந்த விலை தகுமா? அடுத்த வருடம் வரப்போகும் வரைபடம், புது ஆயுதம், புது அத்தியாயம் என்று ரோட்மேப்பில், அதாவது இனி செய்யப்போவதன் பட்டியலில், அழகாகப் போட்டிருப்பார்கள். உங்கள் கணக்கில் அதன் மதிப்பு சுழியம். வந்தால் சந்தோஷம். வராமல் போனால் வாசலில் போய் நின்று கேட்க முடியாது.

இதை ஸ்டீமே சொல்கிறது. ஏர்லி அக்சஸ் கேம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் வாங்கும் பொத்தானுக்கு மேலே ஒரு பெட்டி இருக்கும். இந்தக் கேம் மேலும் மாறலாம், மாறாமலும் போகலாம், இப்போதிருக்கும் நிலையில் ஆட ஆசை இல்லையென்றால் பொறுத்திருங்கள் என்பதுதான் அதன் சாரம். சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமல் போகலாம் என்றும் ஸ்டீமின் விளக்கத்தில் எழுதியிருக்கிறது. அந்தப் பெட்டியைத் தாண்டி நேராக விலையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

பெரிய நிறுவனம் என்றால் முடித்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2 என்ற விண்வெளிக் கேம் 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு இப்படி வந்தது. பின்னால் நின்றது டேக் டூ, ஜிடிஏ கேம்களை வெளியிடும் ராக்ஸ்டாரின் தாய் நிறுவனம். காலனிகள் கட்டலாம், வேறு நட்சத்திரங்களுக்குப் போகலாம், பலர் சேர்ந்து ஆடலாம் என்று ரோட்மேப் இருந்தது. 2024இல் அந்த ஸ்டூடியோவில் ஆட்குறைப்பு வந்து வேலை நின்றது. அந்த மூன்றில் ஒன்றும் வரவில்லை. இத்தனைக்கும் அதன் முதல் பாகம் இதே ஏர்லி அக்சஸ் வழியாக வந்து, 2015இல் ஒழுங்காக முடிந்து, இன்றும் மக்கள் ஆடுகிற கேம். பெயரும் முந்தைய வெற்றியும் இருந்தும் இரண்டாவதைக் காப்பாற்ற முடியவில்லை.

தி டே பிஃபோர் என்ற கேம் இன்னும் மோசம். 2023 டிசம்பர் 7 வெளியீடு, டிசம்பர் 11 ஸ்டூடியோ மூடல் அறிவிப்பு. அதில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைத்தது. எல்லாச் சரிவிலும் அப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம்.

இதன் வேர் பணம்தான். கேம் செய்கிறவர்களுக்கு ஸ்டீம் கொடுக்கும் வழிகாட்டியில், விற்பனை மிகக் குறைவாக இருந்தாலும், விற்பனையே இல்லாவிட்டாலும் வேலையைத் தொடர முடியாது என்றால் ஏர்லி அக்சஸில் இறங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது. பல சிறு குழுக்கள் அதைக் கேட்பதில்லை. முதல் மாத விற்பனையில் வரும் பணத்தை நம்பியே அடுத்த மாதச் சம்பளம் என்று நடத்துகிறார்கள். முதல் வாரக் கூட்டம் கலைந்ததும் வருமானம் விழும், ஆட்கள் விலகுவார்கள், அப்டேட் மெலியும். இவை எல்லாமே ஏமாற்று வேலை இல்லை. நேர்மையாக உழைத்தவர்களும் பணம் தீர்ந்து நின்றுபோகிறார்கள். வாங்கியவருக்கு இரண்டும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

இனி உங்கள் இரண்டு கேமுக்கு வருவோம். பெயர்களை எழுதியிருந்தீர்கள். அவற்றின் நிலை மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இங்கே குறிப்பிடாமல் விடுகிறேன்.

முடியாத நிலையிலும் ஆடத் தக்க கேம்கள் ஒரு வகை. கட்டுவது, சேர்ப்பது, பிழைத்திருப்பது, மறுபடி மறுபடி முதலிலிருந்து ஆடுவது. ஃபேக்டோரியோ, சப்நாட்டிகா, ஸ்லே தி ஸ்பயர், வால்ஹெய்ம் எல்லாம் இந்தக் கூட்டம். ஒரு சுற்று ஆடினால் அந்தச் சுற்று முழுமையானது. அடுத்த மாதம் புதிதாக ஒன்று சேர்ந்தால் இன்னொரு சுற்று ஆடலாம். உங்கள் கூட்டாளிகள் ஆடுவது இதுதான். அதோடு அந்த மூன்று பேரும் இந்த மாதம் ஆடுகிறார்கள். ஒன்றரை வருடம் கழித்து முழுப் பதிப்பு வரும்போது அவர்களில் ஒருவர் வேலைக்கு ஜோகூர் போயிருப்பார், ஒருவருக்கு வேறு கேம் பிடித்திருக்கும். நாலு பேரும் சேர்ந்து சனிக்கிழமை இரவு உட்காரும் வாய்ப்பு இப்போது இருக்கிறது. அதற்குக் காசு கொடுப்பதில் தப்பே இல்லை.

கதை கேம் அப்படி இல்லை. கதையை முதல் தடவை அனுபவிப்பது ஒரு தடவைதான். ஹேடீஸ் 2018 டிசம்பரில் ஏர்லி அக்சஸாக வந்தது. கதையின் உண்மையான முடிவு 2020 செப்டம்பரில் முழுப் பதிப்போடுதான் வந்தது. அது மறுபடி மறுபடி ஆடும்படி கட்டிய கேம் என்பதால் முடிவில்லாமலும் தாங்கியது. நேர்க்கோட்டில் போகும் கதைக்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது. பால்டர்ஸ் கேட் 3 முடியாத பதிப்பில் செய்த சேவ், முழுப் பதிப்பில் செல்லவில்லை. எல்லாரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

இந்த சேவ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பலர் இதை அலட்சியம் என்று திட்டுகிறார்கள். சேவ் கோப்பு என்பது அன்றைக்குக் கேமுக்குள் என்னென்ன பொருள், என்னென்ன எண், எந்த வரிசையில் என்பதன் பதிவு. நாளைக்குப் பையில் வைக்கும் பொருளின் எடையைக் கணக்கிடும் முறையை மாற்றினால், அல்லது ஒரு தீவையே அழித்து வேறு இடத்தில் வைத்தால், பழைய பதிவு சொல்லும் இடமே புதிய கேமில் இருக்காது. நின்ற மனிதன் பாறைக்குள் சிக்கிக்கிடப்பான், பெட்டியில் வைத்தது காணாமல் போகும். பழையதையும் படிக்கும்படி எழுதலாம். ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த வேலை இரட்டிப்பு. அதனால்தான் குழுக்கள் ஒரு கட்டத்தில் "எல்லாரும் புதிதாகத் தொடங்குங்கள்" என்கின்றன. கூட்டாளிகளோடு கட்டும் வீடும் ஒருநாள் இப்படிப் போகலாம். அதற்கு மனதைத் தயார் செய்துகொண்டு ஆடுங்கள்.

உங்கள் பழைய கணினிக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. கேம் சீராக ஓடும்படி இறுக்கிக் கட்டும் வேலை பெரும்பாலும் கடைசியில்தான் நடக்கும். இன்னும் மாறப்போகும் ஒன்றை இறுக்குவது வீண் வேலை. ஆகவே முடியாத கேம் தேவைக்கு மேல் கணினியைப் பிழியும். பக்கத்தில் 'குறைந்தபட்சத் தேவை' என்று போட்டிருப்பதை உங்கள் கணினி மயிரிழையில் எட்டுகிறது என்றால், எட்டவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இதற்காகப் பினாங்குக் கொம்தார் கடைகளுக்கு ஓடி ரேம் வாங்கிப் போடவும் வேண்டாம். முதலில் ஓட்டிப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்க வழி இருக்கிறது. ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், காரணம் எதுவானாலும் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஏர்லி அக்சஸில் ஆடும் நேரமும் அந்த 2 மணியில் சேரும். கேமைத் திறந்து முகப்புப் பக்கத்தில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாலும் நேரம் ஓடும், கவனம். அதனால் வாங்கிய அன்றே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அழகான தொடக்கக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் நேராகக் கூட்டாளியின் உலகத்துக்குள் போங்கள். அவர்கள் கட்டிவைத்த பெரிய இடத்தில் நாலு பேரும் ஒன்றாக நின்று ஓடிப் பாருங்கள், சண்டை போடுங்கள். திணறினால் அங்கேதான் திணறும். காலி நிலத்தில் தனியாக நிற்கும்போது எல்லாக் கணினியிலும் நன்றாகத்தான் ஓடும்.

ப்ளேஸ்டேஷனில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். அங்கே பொதுவாக ஒரு கேமை இறக்கத் தொடங்கிவிட்டாலே பணம் திரும்பாது.

வாங்கும் முன் கேமின் பக்கத்தில் மூன்று இடத்தைப் பார்த்தால் போதும். ஏர்லி அக்சஸ் கேள்வி-பதில் பகுதியில் எவ்வளவு காலம் எடுக்கும், விலை மாறுமா, இப்போது என்ன இருக்கிறது என்று செய்தவர்களே எழுதியிருப்பார்கள். ஆறு மாதத்தில் முடிப்போம் என்று எழுதி மூன்று வருடம் ஆகியும் அந்த வரியைத் திருத்தாமல் விட்டிருந்தால், பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை என்று அர்த்தம். அடுத்து அப்டேட் பட்டியல். நான் அதிகம் நம்புவது இதைத்தான். தேதிகளுக்கு இடையில் எவ்வளவு இடைவெளி, உள்ளே எழுதியிருப்பது வேலையா வாழ்த்துச் செய்தியா என்று பாருங்கள். "இந்த இடத்தில் ஏணி ஏறும்போது விழுந்த பிழை சரிசெய்யப்பட்டது" என்று சலிப்பூட்டும் வரிகள் நிறைய இருந்தால் நல்ல சகுனம். பண்டிகை வாழ்த்தும் தள்ளுபடி அறிவிப்பும் மட்டும் இருந்தால் விலகிவிடுங்கள். ஃபேக்டோரியோ குழு வெள்ளிக்கிழமைதோறும் செய்த வேலையை விரிவாக எழுதிக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குத் தைரியமாகக் காசு கொடுக்கலாம். 2025 பிப்ரவரியிலிருந்து, ஒரு வருடத்துக்கு மேல் அப்டேட் இல்லாத ஏர்லி அக்சஸ் கேம்களின் பக்கத்தில் ஸ்டீமே அறிவிப்புப் போடுகிறது. அதைப் பார்த்தால் மேலே படிக்கவே வேண்டாம். மூன்றாவது, விமர்சனங்களில் மொத்த மதிப்பீட்டை விட்டுவிட்டு 'சமீபத்தியவை' என்பதை மட்டும் பாருங்கள். இரண்டு வருடத்துக்கு முன் குதூகலித்தவர்களின் வாக்கு இன்றைய நிலையைச் சொல்லாது.

நம் நாட்டுக் குழுக்களும் இந்த வழியில் வருகின்றன. மேக்னஸ் கேம்ஸ் குழுவின் ரீலெஜெண்ட் என்ற கேம் 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் பணம் திரட்டி, 2019 ஆகஸ்டில் ஏர்லி அக்சஸாக ஸ்டீமுக்கு வந்தது. மலேசியக் கேம் என்பதற்காக வாங்க ஆசைப்பட்டால் தாராளமாக வாங்குங்கள். எனக்கும் அந்த ஆசை உண்டு. அதைக் கேம் வாங்கும் கணக்கில் சேர்க்காமல் ஆதரவு என்று தனியாக எழுதிவையுங்கள். உங்கள் 150 வெள்ளியில் இப்போதைக்கு அதற்கு இடமில்லை.

பணம் கட்டும்போது ஒன்று. கடையில் ஸ்டீம் வாலட் கோடு (ஸ்டீம் கணக்கில் பணம் ஏற்றும் குறியீடு) வாங்கிக் கணக்கில் ஏற்றினால், கேமைத் திருப்பிக் கொடுத்தாலும் பணம் வாலட்டுக்குத்தான் வரும், கைக்கு வராது. கார்டிலிருந்து நேராகக் கட்டினால், கட்டிய வழியிலேயே திரும்பக் கேட்கலாம். கணினியில் ஓடுமோ ஓடாதோ என்ற சந்தேகம் இருக்கும்போது இது முக்கியம்.

கடைசியாக அந்தக் கீ. ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் பணம் திருப்பித் தராது. நான் சொன்ன 2 மணி நேரச் சோதனையே உங்களுக்கு இல்லாமல் போகும். திருட்டு கார்டில் வாங்கிய கீ என்றால், செய்தவர்கள் பின்னால் அதை ரத்து செய்துவிடுவார்கள், கேம் உங்கள் நூலகத்திலிருந்து மறையும். சிலர் கீ என்று சொல்லிவிட்டுப் பலருக்கு விற்ற ஒரே கணக்கின் கடவுச்சொல்லைத் தருவார்கள். அதில் கூட்டாளிகளோடு சேர்ந்து ஆடவே முடியாது. இங்கே கடை வைத்திருப்பவர் ஏமாற்றினால் 5 வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். பெயரும் முகவரியும் தெரியாத டெலிகிராம் ஆள்மேல் எங்கே போய் மனு போடுவீர்கள்? பாதி விலையில்தான் வேண்டும் என்றால் கதை கேமை ஸ்டீமில் விருப்பப் பட்டியலில் போட்டுவையுங்கள். தள்ளுபடி வந்தாலும், முழுப் பதிப்பு வந்தாலும் அவர்களே மின்னஞ்சல் அனுப்புவார்கள்.