ஆழ்கடல் முள்ளெலியைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

வணக்கம் அம்மா.

ஆழ்கடல் முள்ளெலிகளைத்தான் (உடல் முழுக்க முள் கொண்ட உருண்டையான கடல் உயிரினங்கள்) ஆராய்வேன் என்று மகள் ஒற்றைக் காலில் நிற்கிறாள், அதை வைத்துப் பிழைக்க முடியுமா என்று உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானது. ஆனால் இந்தத் துறையில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது என்பதை முதலில் பாருங்கள். எந்த வேலைக்குப் போகலாம் என்பது அதிலிருந்தே புரியும்.

ஸ்ட்ராங்கைலோசென்ட்ரோட்டஸ் ஃபிராஜிலிஸ் என்ற இளஞ்சிவப்பு முள்ளெலியை எடுத்துக்கொள்வோம். கனடாவின் வான்கூவர் தீவிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை, பசிபிக் கடலடிச் சரிவில், சுமார் 100 முதல் 1,200 மீட்டர் ஆழத்தில் வாழ்கிறது. தொட்டால் நொறுங்கும் ஓடு. இதன் நெருங்கிய சொந்தங்கள் பல கரையோரப் பாறைகளில் இருக்க, இது வெளிச்சம் மங்கிப்போகும் ஆழத்துக்கு இறங்கிவிட்டது. கரையோரத்தில் காடுபோல வளரும் கெல்ப் என்ற பெரிய கடற்பாசிகளிலிருந்து பிய்ந்து வந்து விழும் பாசித் துண்டுகள் இதற்கு முக்கிய உணவு.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பெரும்பகுதி இழுவலையாலும், கப்பலிலிருந்து கேபிள் வழியே இயக்கும் ஆளில்லா நீர்மூழ்கிக் கருவியின் கேமராவாலும்தான். பிறகு ஒருவர் திரை முன் உட்கார்ந்து, முள்ளெலி தென்பட்ட நொடியில் காட்சியை நிறுத்துகிறார். ஆழம், வெப்பநிலை, ஆக்ஸிஜன் அளவு, அடியில் சேறா பாறையா, பக்கத்தில் பாசி கிடக்கிறதா என்று குறிக்கிறார். படத்தில் விழும் இரண்டு லேசர் புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் தெரியும் என்பதால், அதை வைத்து உடலின் அகலத்தைக் கணக்கிடுகிறார். கலிபோர்னியாவில் 1987-ல் தொடங்கிய மான்டரே வளைகுடா கடல் ஆய்வு நிறுவனத்தில் இப்படிக் குறிக்கப்பட்ட காணொளிகள் பல ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கின்றன.

அந்தக் குறிப்புகளிலிருந்துதான் பெரிய கேள்விகள் பிறக்கின்றன. அந்தக் கடலில் சில நூறு மீட்டருக்குக் கீழே ஆக்ஸிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அங்கே வாழும் இளஞ்சிவப்பு முள்ளெலிகள் மெதுவாக வளர்கின்றன. ஓட்டில் நுண்துளைகள் கூடி வலு குறைகிறது. கடல் சூடாகி அந்த அடுக்கு மேல்நோக்கி விரிந்தால் இவை வாழும் இடமும் நகரும். ஆனால் ஆக்ஸிஜன் குறையும் இடத்தில் நீரின் அமிலத்தன்மையும் கூடியிருக்கும். பாதிப்புக்கு எது காரணம் என்று பிரித்துச் சொல்ல வேதியியலும் நல்ல புள்ளியியலும் வேண்டும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இப்போது வேலைக்கு வருவோம். முள்ளெலி வகைப்பாட்டுக்கென்றே உள்ள நிரந்தரப் பணியிடங்கள் உலகம் முழுக்கவே மிகக் குறைவு. அதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம் என்று மகளிடமும் சொல்வேன். ஆனால் கடலடிக் காணொளியைப் படிக்கவும், ஜி.ஐ.எஸ். என்ற இடத்தகவல் மென்பொருளில் வரைபடம் போடவும், 'ஆர்' என்ற கணினி மொழியில் தரவைப் பகுக்கவும் தெரிந்தவருக்கு மீன்வளத் துறை, கடலடி கேபிள் திட்டங்கள், கடலில் அமைக்கும் காற்றாலைத் திட்டங்கள், சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனங்கள் என்று பல கதவுகள் உண்டு. ஆழ்கடல் கனிமங்களைத் தேட உரிமம் பெற்றவர்கள் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்ற அடிப்படைத் தரவைத் திரட்டியே ஆக வேண்டும் என்பது, எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத கடலடியை மேற்பார்வையிடும் சர்வதேசக் கடலடி ஆணையத்தின் விதி. அதற்கும் ஆள் தேவை.

எனவே இளங்கலையில் விலங்கியலோ உயிரியலோ பொதுவாகப் படிக்கட்டும். கணக்கை மட்டும் கைவிட வேண்டாம். முதுகலை ஆய்வுக்கு ஒரே இனத்தை எடுத்து ஆழமாகப் போகலாம். பிஎச்.டி.யை உதவித்தொகை கிடைத்தால் மட்டும் செய்யட்டும். அதற்காகக் கடன் வாங்காதீர்கள், அம்மா. இதில் நான் கறாராகவே இருப்பேன்.

கல்லூரி தேடும் முன் ஒரு சோதனை. ஆய்வுக் கப்பல்கள் ஆழ்கடல் காட்சிகளை இணையத்தில் நேரலையாகத் தருகின்றன. வெறும் சேறு மட்டும் ஓடும் அந்தக் காட்சியை அவள் சில மணி நேரம் பார்த்து, தெரிகிற உயிர்களைக் குறித்து வைக்கட்டும். ஓபிஸ் என்ற கடல் உயிரினத் தரவுத்தளத்தில் இந்த முள்ளெலியின் பதிவுகள் இலவசமாகக் கிடைக்கும்; அவற்றை இறக்கி, எந்த ஆழத்தில் எத்தனை பதிவுகள் என்று ஒரு வரைபடம் போட்டு எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதிவே இல்லாத ஆழத்தில் முள்ளெலி இல்லையா, அல்லது அங்கே யாரும் தேடவே இல்லையா என்று அவளுக்கே கேட்கத் தோன்றினால், எந்தக் கல்லூரி என்று அடுத்த வாரமே உட்கார்ந்து பேசுவோம்.