விழித்திரை ரத்தக்குழாய்களும் கணினியும்: கேள்வி பதில்

காரைக்குடி மாணவி: ஃபைனல் இயர் புராஜெக்ட். விழித்திரைப் படத்தில் ரத்தக்குழாய்களைப் பிரிக்கும் என் மாடல் 90 சதவீதத் துல்லியம் காட்டுகிறது. போதுமா அண்ணா?

போதாது தங்கச்சி. படத்தில் குழாய் இருக்கும் பிக்சல்கள் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். எல்லாமே பின்னணி என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும் மாடலுக்கும் அந்த 90 வந்துவிடும். இருக்கிற குழாயில் எவ்வளவு பிடித்தது என்று தனியாகக் கணக்கிடுங்கள். படத்தின் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறத் தளங்களில் பச்சையை மட்டும் எடுத்து வேலை செய்யுங்கள். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும், அதனால் குழாய் அதில்தான் கருமையாக எடுப்பாகத் தெரியும். அப்புறம், தடித்த தமனியின் நடுவில் வெளிச்சக் கோடு ஒன்று ஓடும். அதைப் பார்த்து மாடல் ஒரே குழாயை இரண்டாகப் பிளந்துவிடும். அந்த இடங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். இந்த வேலைக்கென்றே பலரும் பயன்படுத்தும் டிரைவ் (DRIVE) என்ற விழித்திரைப் படத் தொகுப்பில் மொத்தமே 40 படங்கள். 20 பயிற்சிக்கு, 20 சோதனைக்கு. இரண்டையும் கலக்கவே கலக்காதீர்கள்.

தேவகோட்டை வாசகர்: போனில் கண்ணைப் படமெடுத்து அனுப்பினால் சர்க்கரை பாதிப்பு தெரியுமா?

தெரியாது அண்ணே. சும்மா போனில் எடுத்தால் கண்ணின் வெளிப்பக்கம்தான் விழும், விழித்திரை உள்ளே இருக்கிறது. சர்க்கரை இருந்தால், பார்வை தெளிவாக இருந்தாலும், வருஷத்துக்கு ஒரு தடவை கண் மருத்துவரிடம் விழித்திரையைக் காட்டுங்கள்.

பள்ளத்தூர் வாசகர்: படங்களைப் பார்த்துப் பழகி, படத்தின் பகுதிகளைப் பிரிக்கும் யூ-நெட் மாடல் 2015-லேயே வந்துவிட்டது. 1998-இன் ஃப்ராங்கி ஃபில்டரை இன்னும் ஏன் சொல்லித் தருகிறார்கள்?

அதற்குப் பயிற்சிப் படமே வேண்டாம் என்பதால். குழாய் போல நீண்ட வடிவங்களைக் கணக்குப் போட்டே தேடும்.

கோட்டையூர் வாசகர் (குறுக்கிட்டு): நோயால் விழித்திரையில் ஏற்படும் கசிவுகளின் விளிம்பையும் அது குழாய் என்கிறதே!

உண்மைதான், நோயுள்ள கண்ணில் அது தடுமாறும். ஆனால் யூ-நெட்டும் வேறு கேமராவின் படத்தைக் கொடுத்தால் நுண்குழாய்களைக் கோட்டை விடுகிறது. எந்த முறையானாலும், பயிற்சியில் இல்லாத கேமராவின் படத்தில் ஓட்டிக் காட்டாதவரை அதன் மதிப்பெண்ணை நான் ஏற்க மாட்டேன்.

பள்ளத்தூர் வாசகர்: அப்படியானால் இரண்டையும் சேர்க்கலாமா?

தாராளமாக. ஃபில்டர் தரும் படத்தைக் கூடுதல் உள்ளீடாகக் கொடுத்துப் பாருங்கள்.

கானாடுகாத்தான் ஆச்சி: என் மகன் போனில் எடுத்த படம் இருக்கிறது, பார்க்கிறீர்களா?

மேலே தேவகோட்டை அண்ணனுக்குச் சொன்னதேதான் ஆச்சி. சர்க்கரை இருந்தால் இந்த மாதமே கண் மருத்துவரைப் பாருங்கள்.

புதுவயல் வாசகர்: கண் முகாமில் எடுத்த படங்களை வைத்து மாடலைப் பழக்கலாமா?

நோயாளியின் சம்மதமும் முகாம் நடத்தியவர்களின் அனுமதியும் எழுத்தில் இருந்தால் மட்டும். பெயரையும் பதிவு எண்ணையும் நீக்குங்கள். படத்தின் ஓரத்தில் அச்சாகியிருப்பதையும் சேர்த்து.