ஹம்பி: விட்டலர் கோயில் சீட்டே தாமரை மகாலுக்கும் போதும்

காரைக்குடியிலிருந்து அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு கர்நாடகத்தில் பழைய விஜயநகரத் தலைநகரான ஹம்பிக்குப் போகிறீர்கள், விட்டலர் கோயிலைப் பார்த்தபின் தாமரை மகாலில் மறுபடி நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். விட்டலர் கோயிலில் எடுத்த சீட்டே தாமரை மகால், யானைக் கொட்டில் இருக்கும் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும். ஆனால் அதே நாளுக்குள் பார்த்துவிட வேண்டும்.

உங்கள் உறவினரிடம் இரண்டாம் முறை காசு வாங்கியதாகச் சொன்னீர்கள். அநேகமாக மறுநாள் போயிருப்பார், இல்லையென்றால் சீட்டைத் தொலைத்திருப்பார். அவருடைய சீட்டு இருந்தால் தேதியைப் பாருங்கள், விளங்கிவிடும்.

அப்பத்தாவுக்கு நடை ஆகாது என்றால் காலையில் முதலில் விட்டலர் கோயில்தான். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர், பேட்டரி வண்டி ஓடுகிறது. வெயில் ஏறினால் அதற்கும் வரிசை நீளும். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கிற கல்தேர் அங்கேதான். இசைத்தூண்களைத் தட்ட விடமாட்டார்கள், பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

அப்புறம் தாமரை மகால். வளைவுகளுக்கு அடியில் நின்று சுதை வேலையை அப்பத்தாவுக்குக் காட்டுங்கள். செங்கல்லும் சுண்ணாம்பும்தான். நம் ஊர் வீட்டுச் சுவரைத் தடவி வளர்ந்தவர்களுக்கு அது சட்டென்று பிடிபடும். 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு தோற்றபின் இந்த நகரமே பாழானபோதும் இது இவ்வளவு தூரம் நின்றிருக்கிறது. அரைமணி நேரமாவது அங்கே ஒதுக்குங்கள்.

ஒன்று மட்டும்: வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் விடுமுறை. பழைய நகரத்தின் பெரிய மாதிரி வடிவம் அங்கேதான் இருக்கிறது, கோட்டைச் சுவர்கள் எப்படிச் சுற்றி வருகின்றன என்று அதைப் பார்த்தால்தான் புரியும். நீங்கள் போகும் நாள் வெள்ளி என்றால், முடிந்தால் வேறு நாளுக்கு மாற்றுங்கள்.