நாவல்களில் வயதான பெண்கள் ஏன் அரிதாகவே நாயகி ஆகிறார்கள்?

காதல், கல்யாணம், பிள்ளைகள் முடிந்ததும் பெண்ணின் கதையும் முடிந்துவிட்டது என்று எண்ணிப் பழகிவிட்டோம். அப்புறம் அவள் மூலையில் உட்கார்ந்து அறிவுரை சொல்லும் பாட்டிதான்.

கீதாஞ்சலி ஸ்ரீயின் இந்தி நாவல் 'ரேத் சமாதி' அப்படியல்ல. கணவன் இறந்தபின் குடும்பத்துக்கு முதுகு காட்டிப் படுத்துவிட்ட 80 வயதுப் பெண், எழுந்து எல்லை தாண்டிப் பாகிஸ்தான் வரை போகிறாள். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2022-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்றது.

எனக்கு இன்னும் நெருக்கமானவள் ஹேகர். கனடா எழுத்தாளர் மார்கரெட் லாரன்ஸ் 1964-லேயே படைத்த 90 வயது நாயகி. சாந்தமான கிழவியே இல்லை; பிடிவாதக்காரி, பிள்ளைகளிடம் தவறு செய்தவள். அவள் நினைவுகள் நிகழ்காலத்துக்குள் திடீர் திடீரென்று நுழைகின்றன. இத்தனை நீண்ட கடந்தகாலத்தை இளம் நாயகியால் சுமக்க முடியாது.