வாய் நாற்றம்: புதினா மென்றால் போதுமா?

கேள்வி: புதினா, ஏலக்காய் என மாற்றி மாற்றி மெல்கிறேன். கொஞ்ச நேரத்தில் நாற்றம் திரும்பிவிடுகிறது. தாவரப் பொருட்களால் நிஜமாகவே பலன் உண்டா?

பதில்: உண்டு. ஆனால் புதினா வாசனையும் ஏலக்காய் வாசனையும் பெரும்பாலும் நாற்றத்தை மூடி மறைப்பவை, அவ்வளவுதான். நாற்றம் அதிகம் கிளம்பும் இடம் நாக்கின் பின்பகுதி. அங்கே படியும் வெண்படலத்துக்குள், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெதில் மெர்கேப்டன் போன்ற கந்தக வாயுக்களை உண்டாக்குகின்றன. கிரீன் டீயின் பாலிஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருட்கள் மெதில் மெர்கேப்டனோடு வினைபுரிந்து அதன் வீச்சத்தைக் குறைக்கும்.

முதலில் நாக்கை வழியுங்கள். வழிப்பானைப் பின்னாலிருந்து முன்னால் மூன்று நான்கு முறை மெதுவாக இழுத்து, ஒவ்வொரு முறையும் கழுவுங்கள். ரத்தம் வந்தால் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம். படலத்தை அப்படியே விட்டுவிட்டு எதைக் கொப்பளித்தாலும் மேலோடு போய்விடும்.

பிறகு 200 மில்லி வெந்நீரில் 2 கிராம் கிரீன் டீ இலையை மூன்று நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். தளதளவென்று கொதிக்கும் நீர் வேண்டாம், 80 டிகிரி போதும். பால் சேர்க்கக் கூடாது. பாலின் புரதம் பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும். சர்க்கரையும் கூடாது. ஆறியதும் தலையைச் சற்றுப் பின்னே சாய்த்து 30 விநாடி கொப்பளித்துத் துப்புங்கள். கறை படியாமலிருக்க வெறும் நீரால் வாயை அலசுங்கள். பலன் தற்காலிகம்தான் என்பதால் காலையும் இரவும் செய்ய வேண்டும். இரண்டு வாரம் செய்தும் மாறாவிட்டால் ஈறு நோயோ உமிழ்நீர்க் குறைவோ இருக்கலாம். பல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பூண்டு சாப்பிட்டால் பல் துலக்கியும் வாடை போவதில்லையே?

பதில்: பூண்டிலிருந்து வரும் அல்லைல் மெதில் சல்ஃபைடு ரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக மூச்சில் வெளிவருகிறது. பிரஷ் அங்கே எட்டாது. சாப்பிட்டவுடனேயே வேகவைக்காத ஆப்பிள் துண்டோ புதினா இலையோ நன்றாக மென்று விழுங்குங்கள். இந்த இடத்தில் புதினா வாசனைக்காக அல்ல. அதன் பாலிஃபீனாலும் நொதிகளும் சேர்ந்து கந்தகச் சேர்மங்களைக் குறைக்கின்றன. ஆப்பிளை வேகவைத்தால் நொதி கெட்டுவிடும், பலனும் குறையும்.

கேள்வி: கிராம்பு எண்ணெயை நாக்கில் விடலாமா?

பதில்: கூடவே கூடாது. அதிலுள்ள யூஜெனால் நேரடியாகப் பட்டால் வாயின் மென்தோல் வெந்துவிடும். குழந்தைகள் விழுங்கினால் கல்லீரலே பாதிக்கப்படும். கைக்கு எட்டாமல் வையுங்கள். முழுக் கிராம்பு ஒன்றை ஓரிரு நிமிடம் மென்று துப்பினால் போதும்.