அந்தப் படகில் அம்மாவை வரையலாமா?

கேள்வி: 1990-ல் தலைமன்னாரிலிருந்து படகில் கைக்குழந்தையாக வந்தவள் நான். மண்டபம் முகாமில் வளர்ந்து, இப்போது சென்னையில் ஓவிய ஆசிரியை. அமெரிக்க விடுதலைப் போரில் ஜார்ஜ் வாஷிங்டன் படகில் டெலவேர் ஆற்றைக் கடக்கும் புகழ்பெற்ற ஓவியத்தை எங்கள் படகாக மாற்றி வரைகிறேன். 'இது காப்பிதானே' என்கிறார் நண்பர். அம்மாவோ, 'ஏன் பிள்ளை, அதையெல்லாம் இப்ப கிளறுறாய்?' என்கிறார். தொடரலாமா?
- வாசகி, வளசரவாக்கம்

பதில்: தாராளமாகத் தொடருங்கள், சகோதரி.

அந்த ஓவியத்தை வரைந்த எமானுவேல் லாய்ட்சேயும் புலம்பெயர்ந்தவர்தான். ஜெர்மனியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். 1776-ல் நடந்த சம்பவத்தை, மறுபடி ஜெர்மனியில் இருந்தபோது வரைந்து 1851-ல் முடித்தார். 1848 புரட்சி தோற்றுச் சோர்ந்திருந்த ஐரோப்பியர்களுக்குத் தெம்பு கொடுப்பது அவர் எண்ணம். படகில் பறக்கிற அமெரிக்கக் கொடி 1777-ல்தான் வந்தது! தன் காலத்துக்கு எது தேவையோ அதை அவர் வரைந்தார். 1975-ல் ராபர்ட் கோல்ஸ்காட் என்ற கறுப்பின ஓவியர், வாஷிங்டன் இடத்தில் கறுப்பின விஞ்ஞானி ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரை நிறுத்தினார். மார்கழியில் ஒரே தியாகராஜர் கிருதியைப் பத்துப் பேர் பாடுகிறார்கள், காப்பி என்றா சொல்கிறோம்? லாய்ட்சே 1868-லேயே காலமாகிவிட்டதால் காப்புரிமைச் சிக்கலும் இல்லை. 'லாய்ட்சேயைத் தழுவி' என்று பெயர் அட்டையில் எழுதிவிடுங்கள், போதும்.

என் கவலை வேறு. முகங்களை மட்டும் மாற்றினால் படம் பொய்யாகிவிடும். அவருடைய வாஷிங்டன் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார். ராத்திரியில், ரோந்துக்குப் பயந்து வந்த படகில் யார் எழுந்து நின்றிருப்பார்கள்? குனிந்து, ஒருவர்மேல் ஒருவர் ஒடுங்கித்தான் வந்திருப்பார்கள். அப்படியானால் வாஷிங்டன் நின்ற இடத்தில் என்ன வரும்? உங்கள் ஓவியமே அந்த இடத்தில்தான் இருக்கிறது. நானாக இருந்தால் அங்கே வெறும் வானத்தை விட்டுவிடுவேன்.

அப்புறம் அம்மா. கைக்குழந்தைக்கு அந்த ராத்திரி நினைவிருக்காது, அவருக்கு ஒவ்வொரு நிமிஷமும் நினைவிருக்கும். அதனால் கேன்வாஸில் மேலே போகும் முன் பென்சில் ஸ்கெட்ச்சை அவரிடம் காட்டுங்கள். 'வரையட்டுமா' என்று அனுமதி கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். 'எந்தப் பக்கம் இருந்தீங்கள், மூட்டையில் என்ன இருந்தது' என்று கேட்டுப் பாருங்கள். பேச வந்தால் பேசட்டும், வற்புறுத்தாதீர்கள். முகம் வேண்டாம் என்றால் முதுகு தெரியும்படி வரையுங்கள். அதற்கும் மனமில்லை என்றால், கண்காட்சிக்குப் போகும் படத்தில் அவர் இருக்க வேண்டாம்.