புதுச்சேரியில் இருந்து சனி, ஞாயிறு கிளாம்பிங் செல்லக் கடற்கரை நல்லதா, மலை நல்லதா?

எட்டு வயது மகளோடு இரண்டு நாள் கிளாம்பிங், அதாவது வசதிகள் நிறைந்த கூடாரத்தில் தங்க விரும்புவதாகவும், கடலோரமா மலையா என்று முடிவெடுக்க இயலவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடலூரில் வசிக்கும் நான் இரண்டிலும் தங்கியிருக்கிறேன். எந்த மாதம் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இடத்தை அந்த மாதமே சொல்லிவிடும்.

கட்டில், மெத்தை, தனிக் குளியலறை என்று எத்தனை வசதி இருந்தாலும், கிளாம்பிங் கூடாரத்தின் சுவர் துணிதான். வெயிலும் காற்றும் மழையும் அதற்குள் வரும் விதமே வேறு. நம் கடற்கரையில் சித்திரை, வைகாசியில் கடற்காற்று பிற்பகலில்தான் வீசத் தொடங்குகிறது. அதுவரை கூடாரத்துக்குள் உட்கார முடியாது, இரவிலோ புழுக்கம் விடாது. ஏசி இருக்கிறது என்பார்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் இரவெல்லாம் தலைமாட்டில் உறுமுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலும் நம் கரையில்தான் ஏறின. இது தெரிந்திருந்தும், ஒரு நவம்பரில் சவுக்குத் தோப்புக்குள் இருந்த கூடாரம் ஒன்றுக்கு முன்பணம் கட்டினேன். புயல் எதுவும் இல்லை, சாதாரண மழைக்காற்றுதான். நள்ளிரவில் கயிறு துணியில் அறைகிற சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தால், மணலில் அடித்திருந்த இரும்பு முளை இழுத்த இழுப்பில் கையோடு வந்துவிட்டது. பணியாளர் ஒருவர் யூரியா சாக்குகளில் மணலை நிரப்பிக் கயிறுகளை அவற்றில் கட்டிய பிறகுதான் படுத்தோம். அன்று முதல், எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் நான் மெத்தையைப் பார்ப்பதற்கு முன் கயிற்றின் நுனியைப் பார்க்கிறேன்.

பொங்கல் முடிந்து பிப்ரவரி இறுதி வரை என்றால் தயங்காமல் கடலோரத்தைத் தேர்ந்தெடுங்கள். இரவு இதமாக இருக்கும். மறுநாள் காலை வெயில் ஏறுமுன் சிதம்பரம் வழியாகப் பிச்சாவரம் சென்று, சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் போய்வரலாம். உப்பங்கழிக்கு அருகில் தங்கினால் மாலையில் கொசு மொய்க்கும் என்பதால், வலை இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். குளியலறை கூடாரத்தோடு சேர்ந்ததா, இருட்டில் நடந்து போக வேண்டியதா என்பதையும், கூடாரம் மேடையில் நிற்கிறதா, தரையிலேயே நிற்கிறதா என்பதையும் தொலைபேசியிலேயே தெளிவாகக் கேளுங்கள். இணையத்தில் உள்ள படங்களை நம்பாமல், அன்று எடுத்த படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வது என் வழக்கம். அனுப்பத் தயங்குகிற இடத்தை நான் விட்டுவிடுவேன்.

கோடை விடுமுறைக்கு மலைதான். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஏலகிரி சுமார் 1,100 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, போகவும் வரவுமே இரண்டு நாளும் கரைந்துவிடும். மகளுக்கு விண்மீன்களைக் காட்ட ஆசை இருந்தால், தை, மாசியில் அமாவாசையை ஒட்டிய வாரத்தில் ஜவ்வாது மலைக்குப் போங்கள். வானம் இருண்டு தெளிவாக இருப்பதால்தான் காவலூர் வானாய்வகத்தையே அங்கே அமைத்தார்கள்.

மே மாதப் பயணம் என்றால் உங்களுக்கு ஏலகிரியைத்தான் சொல்வேன். ஏற்காட்டில் குளிர்ச்சி கூடுதல் என்றாலும், சேலத்தில் இருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏலகிரியில் 14. திருவண்ணாமலை வழியாகப் போவீர்களானால், திருப்பத்தூரில் காலை உணவை இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். குழந்தை எவ்வளவு கேட்டாலும் பூரி வேண்டாம்.